செல்வத்தின் விரல்கள்

2006 மே 3, புதன். புஜைரா, அமீரகம்.

காலையிலிருந்து தூசிக் காற்று. வாங்க வேண்டியவை: சோப்பு, பிளேடு, போன் கார்டு.

ரூம்மேட் செல்வத்துக்கு வலது கை விரல்கள் சிவந்து வீக்கம். "சோத்தைப் பிசைய முடியலடா, ஸ்பூன் குடு." பட்டுக்கோட்டைக்காரன் மீன்குழம்பை ஸ்பூனில் சாப்பிட்டு இன்றுதான் பார்க்கிறேன். சிரித்தேன்.

மே 5, வெள்ளி. லீவு.

கொப்புளம். இருவருக்கும் காரணம் தெரியும்.

நாளைக்கு யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லாமல் இருக்க எழுதி வைக்கிறேன். எண்ணெய் டேங்க் சைட்டில் வெல்டிங்கை எக்ஸ்ரே போலப் படம் எடுக்கும் வேலை எங்களுக்கு. கனமான பெட்டி, அதற்குள் கதிர் விடும் சின்னத் துண்டு. சோர்ஸ் என்போம். கைப்பிடியைச் சுற்றினால் குழாய் வழியே வெளியே போகும். படம் எடுத்ததும் திரும்பச் சுற்றி உள்ளே இழுக்க வேண்டும். உள்ளே போய்விட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் குழாயைத் தொட வேண்டும்.

போன மாதம் ஒரு மதியம் மீட்டரில் பேட்டரி இல்லை. போர்மேன் "யல்லா, ஜல்தி" என்று கத்தல். செல்வம் சுற்றினான், உள்ளே போய்விட்டது என்று நினைத்துக் குழாயைக் கழற்றக் கையால் பிடித்தான். போகவில்லை. பெட்டி பூட்டாதபோதுதான் தெரிந்தது.

கதிரைக் கணக்கு வைக்கும் பேட்ஜ் இருவருடையதும் கேபின் ஆணியில். எப்போதும் அங்கேதான். கணக்கு ஏறினால் சைட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள், அடுத்தது ஊருக்கு டிக்கெட். எல்லாரும் இப்படித்தான். என்ன புத்தியோ!

மே 6, சனி.

கிளினிக். செல்வத்துக்கு இந்தி வராது, நான் துணை. "சமைக்கையில எண்ணெ கொட்டிருச்சுன்னு சொல்லுடா." சொன்னேன். ஹைதராபாத் டாக்டரம்மா களிம்பு எழுதினார். வரும் வழியில் பரோட்டா. ஸ்பூனால் பிய்க்க முடியவில்லை, நான் பிய்த்துப் போட்டேன்.

மே 12, வெள்ளி.

விரல் நுனி கறுக்கிறது. ரூமில் நாற்றம்; ஜன்னலைத் திறந்து வைத்தேன்.

"வெட்டிருவாங்களாடா?"

"சும்மா கிட."

எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 13, சனி.

மறுபடி கிளினிக். இது எண்ணெய்ச் சூடு இல்லை, என்ன வேலை செய்கிறீர்கள் என்று டாக்டரம்மா இந்தியில் கேட்டார். "எண்ணெதான்னு சொல்லு, எண்ணெதான்னு சொல்லுடா" என்றான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தி புரியாதவனுக்கும் சோர்ஸ், மீட்டர், பேட்ஜ் புரிந்துவிட்டது.

வெளியே வந்து, "எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா பாவி!"

டீ வேண்டுமா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மே 17, புதன்.

அபுதாபியில் பெரிய ஆஸ்பத்திரி. கம்பெனி மேனேஜர் பேட்ஜ் ரிப்போர்ட்டைக் காட்டி, "ரேடியேஷன் மாஃபி", கதிரே இல்லை என்றார். டாக்டர்கள் விடவில்லை. ஆள்காட்டி விரல் போய்விடுமாம், மற்றவை பிழைக்கலாமாம். எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வரவில்லை. அதுவரை சைட் கிடையாது.

ராத்திரி ரூமுக்குத் திரும்பினோம். செல்வம் கட்டிலை ரெண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டான்.

மே 24, புதன்.

அவனுக்கு டிக்கெட் வந்துவிட்டது. மீதி வைத்தியம் ஊரிலாம். கையில் பெரிய கட்டு. வாசலில் வேன், டிரைவர் ஹாரன்.

படி இறங்கியவன் திரும்பி வந்து என் முன்னால் நின்றான். சட்டை திறந்தே கிடந்தது.

"பட்டனைப் போட்டு விடுறா."

ஒவ்வொன்றாகப் போட்டேன். கழுத்துப் பட்டனும் போடவா என்றேன்.

"வேணாம், இறுக்கும்."