மெழுகே போதும் என்றார் மாப்பிள்ளை

என் அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். இரவு டியூட்டி முடிந்து வந்தால் சாப்பிடாமலே படுத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நோயாளிகளுக்கெல்லாம் வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறவள் தன் வயிற்றை மட்டும் பட்டினி போடலாமா? ஒரு டம்ளர் பாலாவது குடித்துவிட்டுப் படு. குளிருக்கு நான் தைத்து அனுப்பிய உள்சட்டை தோளில் பிடிக்கிறதா? பிடித்தால் பக்கத் தையலைப் பிரித்துக்கொள், உள்ளே துணி விட்டிருக்கிறேன்.

ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். நீ கூப்பிடுகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் இருப்பார். இந்த வீட்டில் நான் அடுப்படியில் தும்மினால் வாசல் அறையில் அவர் திரும்பிப் பார்க்கிறார். ஒருவரைப் பற்றி அவர் காதுபடப் பேச எனக்கு வராது. நீயும் ஒரே கேள்விதான் கேட்கிறாய், "எப்படி இருக்காரு?" என்று. நானும் "நல்லா இருக்காரு" என்று ஒரே பதில் சொல்கிறேன். அது இரண்டு சொல்லில் அடங்குகிற விஷயம் இல்லை.

விமானம் ஏறுகிற அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாயே, "அம்மா, அவரு மறுபடி குடிச்சா எனக்கு மறைக்காத, மருமகன்னு பாவம் பாக்காத" என்று, அதை நான் மறக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் குடிக்கவில்லை. ஆனால் குடிக்கிறார் என்று நான் ஒரு நாள் நம்பிவிட்டேன். அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மழைக்காலம் முடிந்ததிலிருந்து சனிக்கிழமைகளில் மாப்பிள்ளை கார் ஷெட்டுக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்கொள்வார். என்ன வேலை என்று கேட்டால் "சும்மாதான் அத்தை" என்பார். அவர் குடித்த காலத்தில் சும்மா என்ற சொல்லுக்கு இந்த வீட்டில் என்ன அர்த்தம் இருந்தது என்று உனக்கே தெரியும். பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் நான் தையல் மெஷினிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு சனிக்கிழமை மதியம் அவர் சாப்பிட வந்து உட்கார்ந்தபோது குப்பென்று ஸ்பிரிட் வாடை. ஊசி போடுமுன் பஞ்சில் நனைத்துத் தேய்ப்பார்களே, அதே வாடை. பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டதா என்று நினைத்துக்கொண்டே சோற்றைப் பரிமாறினேன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போன பிறகு ஷெட்டைத் திறந்தேன். உன் கார் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு நின்றது. பெஞ்சுக்கு அடியில் இன்னொரு விரிப்பு. அதைத் தூக்கினால் பாட்டில், பாட்டிலாகப் பாட்டில். மஞ்சள், ஊதா, பச்சை, நிறமே இல்லாதது. ஒன்றைத் திறந்து முகர்ந்தேன், சின்னப் பிள்ளைகளின் மிட்டாய் வாடை. இன்னொன்று அழுகின முட்டை. நிறமில்லாததைத் திறந்தேன், அதேதான். அங்கேயே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன். அப்போது பார்த்து ஷட்டர் மேலே போயிற்று. அன்று எந்தக் கட்டடத்திலோ கரண்ட் இல்லாமல் லிஃப்ட் மாட்டுகிற வேலை நின்றுவிட்டதாம், சீக்கிரம் வந்துவிட்டார். என் கையில் பாட்டில்.

வேறு யாராவது இருந்தால் கத்தியிருப்பார்கள். இவர் என் முன்னால் தரையிலேயே உட்கார்ந்தார். "அத்தை, அது குடிக்கிறது இல்ல. கார் மேல அடிச்சுத் துடைக்கிறது" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் சிநேகிதர்கள் காரையெல்லாம் கேட்டு வாங்கிக் கழுவித் தேய்த்து, கண்ணாடிபோல் ஆக்கித் திருப்பிக் கொடுப்பாராமே? முதல் முறை உன்னைப் பார்க்க வந்தபோது நகக்கண்ணெல்லாம் கறுப்பாக இருந்ததைப் பார்த்து, லிஃப்ட் கம்பெனி என்று பொய் சொல்கிறார், மெக்கானிக் போலிருக்கிறது என்று நான்கூட நினைத்தேன். சனிக்கிழமைகளைக் குடி எடுத்துக்கொண்டபோது அந்தப் பழக்கம் போய்விட்டது. இப்போது சனிக்கிழமை சும்மா கிடக்கிறது, கையும் சும்மா கிடக்கிறது, அதனால் மறுபடி தொட்டுப் பார்க்கிறேன் என்றார். "சரியா வருமான்னு தெரியல, அதான் யாருக்கும் சொல்லல."

அந்த ஸ்பிரிட் எதற்கு என்று கேட்டேன். பாலிஷ் போட்டதும் அதில் இருக்கிற எண்ணெய் கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு கார் நன்றாக இருப்பதுபோல் காட்டுமாம். இதை அடித்துத் துடைத்தால்தான் பெயிண்டின் உண்மையான நிலைமை தெரியும் என்றார். சரி, அதற்கு ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று விடாமல் கேட்டேன். பிறகு சொன்னார், "வாசனை புடிக்கலன்னு சொன்னா பொய் அத்தை. புடிக்குது. துடைச்சு முடிச்சப்புறமும் துணியை மோந்து பாக்குறேன். அதான் பயமா இருக்கு. நாளைக்கு இதைக் கடையில திருப்பிக் கொடுக்கப் போறேன். நீங்களும் கூட வாங்க."

சிட்டு, எனக்கு அந்த இடத்தில் அவர் மேல் வந்த மரியாதையை எப்படி எழுதுவது? குடிக்கிற மனிதர்கள் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மாலை போனோம். கடைக்காரருக்கு முழு வழுக்கை. அந்தத் தலையின் பளபளப்பே கடைக்குப் போதுமான விளம்பரம். மாப்பிள்ளை இந்தப் பழக்கத்தை விட்ட காலத்தில் ஒரு ஷாம்பு, ஒரு டப்பா மெழுகு, நாலு துணி, அவ்வளவுதானாம். இப்போது சுவர் முழுக்க அலமாரி. சக்கரத்துக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, பூச்சி எச்சத்துக்கு ஒன்று. பிரேக்கிலிருந்து பறக்கிற இரும்புத் தூளைக் கரைக்க ஒன்று, அந்த அழுகின முட்டை. தெளித்தால் ஊதா நிறமாக வழியும். என் தலைக்குத் தேய்க்கக்கூட நான் இத்தனை தேடியதில்லை. மாப்பிள்ளை ரொம்ப நாள் கழித்துப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளை மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கம் படித்து, வைத்துக்கொண்டே வந்தார்.

ஸ்பிரிட் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து, வாடை இல்லாதது வேண்டும் என்றார். கடைக்காரர் சிரித்தார். "எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க. வாசனைக்குப் பயந்தா மாஸ்க் போட்டுக்கங்க" என்றார். பக்கத்தில் வாங்க வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றார்கள். மாப்பிள்ளை குரலை இறக்கவில்லை. "எனக்கு ஆகாதுங்க. நான் குடிச்சிட்டு இருந்தவன், நிறுத்திட்டேன். இந்த வாசனை வேணாம்" என்றார், சர்க்கரை ஆகாது என்று சொல்கிற மாதிரி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆனால் தலை குனியவில்லை, அது மட்டும் நிச்சயம். கடைக்காரர் உள்ளே போய், எங்கேயோ பின்னால் இருந்து ஸ்பிரிட்டுக்குப் பதில் தண்ணீர் கலந்த திரவம் ஒரு பாட்டில் எடுத்து வந்தார். "காய லேட் ஆகும் சார், ரெண்டு துணி பிடிக்கும். ஆனா வேலை செய்யும்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேச்சில் கேலி இல்லை.

வியாபாரம் மட்டும் விடுமா? காரில் என்ன குறை என்று கேட்டார். இடது பக்கக் கதவு இரண்டிலும் நீளக் கீறல் என்றார் மாப்பிள்ளை. எந்தக் கீறல் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் குடித்துவிட்டு ஓட்டிக் கேட் தூணில் உரசியபோது நீ உள்ளேதான் இருந்தாய். கடைக்காரர் ஒரு வெள்ளைக் களிம்பைக் காட்டினார். பத்து நிமிஷத்தில் கீறல் கண்ணுக்கே தெரியாது என்றார். எனக்குச் சபலம். நீ திரும்பி வரும்போது அந்தக் கோடு உன் கண்ணில் படாமல் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்து, வாங்கிவிடலாம் மாப்பிள்ளை என்று நானே சொன்னேன். அவர் தலையாட்டினார். "அது ஆத்துறது இல்ல அத்தை, அடைக்கிறது. நாலு மழை பெஞ்சா திரும்பத் தெரியும். அப்ப பாக்குறவளுக்கு இன்னும் கோவம் வரும்" என்றார்.

கடைசியாகக் கடைக்காரர் ஒரு சின்னக் குப்பியைக் கையில் தாங்கி எடுத்து வந்தார். செராமிக் பூச்சாம். ஒரு தடவை போட்டால் வருஷக்கணக்கில் நிற்கும், காரை நீங்கள் திரும்பிப் பார்க்கவே வேண்டாம் என்றார். மாப்பிள்ளை அதை ஆசையாகத்தான் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பழைய மாதிரி டப்பா மெழுகையே எடுத்துக்கொண்டார். அது ரெண்டு மாசத்தில் போய்விடுமே சார் என்றதற்கு, "போகட்டும். மறுபடி போடுறதுக்கு ஒரு சனிக்கிழமை வேணும்ல" என்றார்.

அன்றிலிருந்து ஷட்டர் முழுசாகத் திறந்திருக்கிறது. என்னையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். வாங்கி வந்த மெத்துத் துணிகளில் ஓரத்தில் தைத்திருக்கிற லேபிள் பெயிண்டைக் கீறுமாம். அதை நூல் பிசிறு தெரியாமல் வெட்டுவது என் பொறுப்பு. இவ்வளவு மட்டமான ஓரத் தையலை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்பதையும் சொல்லி வைக்கிறேன். ஒரு நாள் என் கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிவிட்டு, கழுவின பானெட்டைத் தடவச் சொன்னார். கண்ணுக்கு மொழுமொழு என்றிருக்கிறது, கைக்கு மணல் மாதிரி நறநறவென்றது. பிறகு களிமண் மாதிரி ஓர் உருண்டையைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். மறுபடி தடவினேன். வெட்டாத பட்டுத் துணியில் கை போகிற மாதிரி போயிற்று. அந்த உருண்டை கை தவறிக் கீழே விழுந்தது. தட்டிவிட்டு எடுத்துக்கொள்வார் என்று பார்த்தால் நேரே குப்பையில் போட்டுவிட்டார். ஒட்டின மணலோடு தேய்த்தால் பழைய கீறல் போக ஆயிரம் புதுக் கீறல் வருமாம். இப்படி வீணடிப்பாரா ஒருவர் என்று நான் முணுமுணுத்தேன். டயருக்குப் பூசுகிற கறுப்பு என் நல்ல துணியில் தெறித்தபோது முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே திட்டினேன்.

எல்லாம் நல்லதாகவே எழுதினால் நீ நம்பமாட்டாய். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர், நீ 'மீசை' என்பாயே, அவர் ஒரு சனிக்கிழமை மாலை கேட்டில் வந்து நின்றார். "வாடா, ஒரு மணி நேரம்தான்" என்று கூப்பிட்டார். மாப்பிள்ளை உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் ஈரத் துணியோடு நின்றுகொண்டே இருந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பிறகு என்ன நினைத்தாரோ, "வர்றேன்டா, முதல்ல நீ இந்த நாலு சக்கரத்தையும் துடைச்சுக் குடு, ரெண்டு பேருமா போலாம்" என்று பிரஷ்ஷை நீட்டினார். மீசை ஒரு சக்கரத்தைப் பாதி தேய்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வேலை இருக்கிறது என்று கிளம்பினவர் இன்னும் திரும்பவில்லை. அவர் போன பிறகு மாப்பிள்ளை உள்ளே வந்து வெறும் தண்ணீரை மூன்று டம்ளர் குடித்தார். நான் தோசைக்கல்லைப் போடுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன்.

இப்போது கார் எப்படி இருக்கிறது என்று கேட்பாய். அந்தக் கருநீலத்துக்குள் இவ்வளவு ஆழம் இருந்தது எனக்குத் தெரியாது. மேலோட்டமான கீறல்கள் எல்லாம் போய்விட்டன. கை அகலம் கை அகலமாகக் கட்டம் பிரித்து, மெதுவாகத்தான் தேய்த்தார். அழுத்தித் தேய்க்கிற முரட்டுப் பாலிஷை அவர் வாங்கவே இல்லை, பெயிண்ட் மெலிசாகிவிடும் என்று. பின்கதவில் ஒரு கோடு மட்டும் இருக்கிறது. நகத்தை வைத்தால் மாட்டுகிறது. அது தேய்த்துப் போகாது, பெயிண்ட்தான் அடிக்க வேண்டும் என்றார். அடித்துவிட வேண்டியதுதானே என்றேன். "கார் அவளோடது அத்தை. அடிக்கிறதா, அப்படியே விடுறதான்னு அவதான் சொல்லணும்" என்றார். நீ கொடுத்துவிட்டுப் போன கார் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உள்ளே துடைக்க மட்டும் கேட்டு வாங்குவார், வேலை முடிந்ததும் கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிடுவார்.

நான் சிபாரிசுக் கடிதம் எழுதவில்லை, கண்ணு. அவரோடு நீ பட்டதை நான் கண்ணால் பார்த்தவள். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் விருப்பம். எது செய்தாலும் அம்மா உன் பக்கம்தான். ஆனால் நல்லதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருப்பதும் மறைப்பதுதானே? நீ மறைக்காதே என்றாய்.

இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. சொல்லச் சொல்லி அவர் எதுவும் கேட்கவும் இல்லை. உன் பெயரை எடுத்தால் மட்டும் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்.

லீவு கிடைத்துவிட்டது, விமான நிலையத்திலிருந்து டாக்ஸியில் வந்துகொள்கிறேன், யாரும் வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு சாமானோடு தனியாக வருவாயா? யார் வந்து நிற்க வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதிப்போடு. அம்மாதான் வர வேண்டும் என்றால் கட்டாயம் வருகிறேன். ஆனால் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை மறந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும், நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா