மூன்று வீட்டில் கை நனைத்தவர்

டுரியான் துங்கால், மலாக்கா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி பிரான்க்ளினுக்கு,

அக்கா பாட்ரீசியா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே எல்லோரும் சுகம் என்று தொடங்கத்தான் ஆசை. பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுகிறாய். வாட்சப்பில் எழுதினால் படித்ததற்கு அடையாளம் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை. அதனால்தான் தாளில் எழுதி, மகளைப் பார்க்க மெல்பர்ன் வருகிற நம் சர்ச் பமேலாவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் எதிரிலேயே நீ படிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.

போன கிறிஸ்மஸுக்கு வந்தபோது உன் அத்தானுக்கு அந்தக் குதிரைப் பந்தயக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாய். அதுவரை அவர் உண்டு, செம்பனை எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடுகிற வேலை உண்டு என்று இருந்தவர். ஒரே குதிரையை நம்பக் கூடாது என்றாய். எல்லோரும் விழுந்தடித்துக் கட்டுகிற குதிரை ஜெயித்தாலும் கைக்கு வருவது கொசுறுதான் என்றாய். அதை விட்டுவிட்டு, ஓடுகிற திறமைக்கு மேல் விலை, அதாவது ஜெயித்தால் திரும்பி வருகிற பணம், கிடைக்கிற மூன்று நாலு குதிரைகளைப் பொறுக்கி, எது முதலில் வந்தாலும் ஒரே தொகை கிடைக்கிற மாதிரி பணத்தைப் பிரித்துக் கட்ட வேண்டுமாம். இது புக்கிகிட்ட கட்டுற சூதாட்டம் இல்லக்கா, எக்ஸ்சேஞ்சுல ஆளுக்கு ஆள் விலை பேசிக் கட்டுறது, பொறுமையா இருந்தா நல்ல விலை வரும் என்று எனக்கும் பாடம் எடுத்தாய். இங்கிருந்து கட்டினால் போலீஸ் பிடிக்கும் என்று கணக்கை உன் பேரிலேயே வைத்துக்கொண்டாய். சனிக்கிழமை ஆனால் அவர் குதிரைப் பேர் அனுப்புவார், நீ அங்கே கட்டுவாய். ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. குதிரையோடு நின்றிருந்தால் இன்றைக்கும் கேட்டிருக்க மாட்டேன்.

நம் பிள்ளை ஷெர்லீனுக்குப் போன வருஷம் வந்த சம்பந்தம் கடைசி நேரத்தில் கலைந்தது உனக்குத் தெரியும். பிள்ளை தேறிவிட்டாள், உன் அத்தான்தான் தேறவில்லை. ஈஸ்டர் முடிந்து டாரியஸ் வீட்டார் மெர்லிமாவிலிருந்து வந்து கேட்டார்கள். பையனுக்கு இங்கே யுனிவர்சிட்டியில் லேப் வேலை. இரண்டு பேரும் பாடகர் குழுவில் சேர்ந்து பாடினவர்கள். ஷெர்லீன் யோசிக்கக்கூட இல்லை, முகமெல்லாம் சிரிப்பாகச் சரி என்றாள். நானும் அவரும் மெர்லிமாவ் போய், பேசி முடித்து, அவர்கள் வீட்டில் கை நனைத்துவிட்டு வந்தோம். பேச்சு முடியாத வீட்டில் ஒரு வாய் சோறு தொடக் கூடாது, தொட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி என்று நம் அப்பா எவ்வளவு கண்டிப்பாக இருந்தார். ஒரு வீட்டில் தேத்தண்ணிகூட வேண்டாம் என்று எழுந்து வந்தவர் அவர்.

இந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? ஆலை வேலை என்று என்னிடம் சொல்லிவிட்டு நியாலாஸில் தோட்டக் கணக்கு எழுதுகிற ஒரு கிராணி வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே அவர்கள் பையனுக்கு ஷெர்லீனைப் பேசி, ஆட்டுக்கறியோடு சாப்பிட்டும் விட்டார். அது போதாது என்று மலாக்கா டவுனில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் வீட்டிலும் போய் இலையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. மூன்று வீட்டாரும் பெண் தங்களுக்குத்தான் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

போன மாதம் ஜாசினில் ஒரு கல்யாண விருந்து. நியாலாஸ் கிராணியின் மனைவியும் டாரியஸின் அம்மாவும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் பெருமையாக, டுரியான் துங்கால் பால்ராஜ்தாங்க எங்க சம்பந்தி என்றாராம். டாரியஸின் அம்மா, பேர் மாத்திச் சொல்றீங்க, அவரு எங்க சம்பந்தி என்றாராம். பக்கத்து மேசையிலிருந்து கண்ணாடிக் கடைக்காரரும் எழுந்து வந்துவிட்டார். நான் கையில் பிரியாணித் தட்டோடு நின்றேன். உன் அத்தான் வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் உனக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டு இருந்தார். அன்றைக்கும் சனிக்கிழமைதானே.

வீட்டுக்கு வந்து கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது. போன தடவை ஒரே இடத்த நம்பித்தானே ஏமாந்தோம், அதான் இந்தத் தடவ பிரிச்சு வெச்சேன் லா, எது வந்தாலும் நமக்கு நல்லதுதானே என்கிறார். டாரியஸுக்கு நாலு பேர் பெண் கொடுக்கக் காத்திருக்கிறார்களாம், அதனால் அங்கே நம் பிள்ளைக்கு மதிப்பு குறைவாம். நியாலாஸ் பையனை யாரும் கண்டுகொள்ளவில்லை, சொந்த நிலம் இருக்கிறது, அதுதான் நல்ல விலையாம். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படிப் பேசுகிறார், பிரான்க்ளின்.

ஷெர்லீன் அறைக்குள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். கத்தவில்லை, அழவில்லை. எது வந்தாலும் ஒங்களுக்கு ஒண்ணுதான்னா, அதுல நான் எங்கப்பா இருக்கேன் என்று மட்டும் கேட்டாள். மறுநாள் துணிமணியை எடுத்துக்கொண்டு, வேலை செய்கிற கிளினிக் பக்கத்தில் ஒரு தோழியின் அறைக்குப் போய்விட்டாள். நான் கூப்பிட்டால் எடுத்து, வேலையா இருக்கேம்மா என்று வைத்துவிடுகிறாள். அவர் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை.

நான் தனியாக மெர்லிமாவ் போனேன். டாரியஸ் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனசு மாறவில்லை, ஆனால் தாயை மீற மாட்டான். அவன் அம்மா நல்ல மாதிரி, என்னை வாசலில் நிறுத்தவில்லை. ஆனால் தண்ணீர் தரவில்லை. எங்க வீட்டுல நனைச்ச கைய அவரு இன்னும் ரெண்டு வீட்டுல போய் நனைச்சிருக்காரு, இனி அவரு பேச்ச நாங்க எடுக்க முடியாது என்றார். கிளம்பும்போதுதான், பொண்ணுக்குத் தாய்மாமன் இருக்காரு இல்ல, அவரு வந்து மொறையா பேசட்டும், கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்குறோம், அப்புறம் நாங்க வேற எடம் பாத்துக்குவோம் என்று சொன்னார்.

அதைத்தான் உனக்குப் போனில் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? இங்கே பெரிய பந்தய சீசன் அக்கா, நவம்பர் முடியட்டும், அப்புறம் டிக்கெட் விலை பார்த்துச் சொல்றேன் என்றாய். உன் மருமகளுக்கு நீதான் மோதிரம் போட்டுப் பேர் சொல்லித் தூக்கினாய். அவள் வாழ்க்கை உனக்கு டிக்கெட் விலையில் வந்து நிற்கிறதா? அத்தானைக் கெடுத்தது நீ என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கும் புத்தி இருக்க வேண்டும். ஆனால் வந்து நிற்க வேண்டியது நீதான், வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை.

இன்னொன்றும் கேள். நீ வருவாயோ மாட்டாயோ என்று அவர் சும்மா இருக்கவில்லை. மெர்லிமாவுக்குப் போய்ப் பேசச் சொல்லி பாதரிடம் ஒரு பக்கம், தன் பெரியப்பா மகனிடம் ஒரு பக்கம், டாரியஸ் வேலை செய்கிற இடத்துப் பெரியவர் ஒருவரிடம் ஒரு பக்கம் சொல்லி வைத்திருக்கிறார். யாராவது ஒருத்தர் பேச்சு எடுபடாதா என்கிறார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அப்படி அவர் தூது சொல்லி வைத்த மூன்று பேரையும் நேற்று நானே போய்ப் பார்த்தேன். தயவு செய்து நீங்கள் யாரும் போக வேண்டாம், என் தம்பி வருகிறான் என்று சொல்லிவிட்டேன். அவர்களும் சரி என்று விட்டுவிட்டார்கள். இனி டாரியஸ் வீட்டு வாசலுக்கு நீ போனால் உண்டு, இல்லாவிட்டால் யாரும் போகப் போவதில்லை.

ஆண்டவர் உன்னைச் சுகமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவை மட்டுமே பார்த்திருக்கும்
அக்கா
பாட்ரீசியா