பச்சை ஸ்டிக்கர்

டெல்லாவின் அம்மாவுக்கு,

நான் வேலை பார்க்கும் இந்த ஒஹாயோ பள்ளியின் நற்குணக் குழு பல கூட்டங்கள் கூடி ஆலோசித்து, அன்புக்கான ஸ்டிக்கரின் நிறம் நீலமல்ல, பச்சையே என்று ஏகமனதாகத் தீர்மானித்துவிட்டது. இனி மனித குலம் கவலையின்றித் தூங்கலாம்.

நம் மகளுக்குப் புதுப் பள்ளியில் தோழிகள் கிடைத்தார்களா என்று கேட்டிருந்தாய். கிடைத்தார்கள். மதிய உணவின்போது தனியாக இருக்கும் குழந்தையோடு போய் உட்கார்ந்தால் ஒரு ஸ்டிக்கர். பத்து சேர்த்தால் பீட்சா விருந்து. அவள் வகுப்பில் தனியாக இருந்தவள் டெல்லா மட்டும்தான்.

ஒருநாள் உணவுக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது என் முறை. டெல்லாவின் பக்கத்து இடத்துக்கு இரண்டு சிறுமிகள் முட்டிக்கொண்டார்கள்.

"தள்ளுடி! நேத்து நீதானே இவகூட உக்காந்தே?"

"போடி, எனக்கு இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

டெல்லா முகமெல்லாம் சிரிப்பாக நகர்ந்துகொண்டு, "சண்டை போடாதீங்கப்பா, இந்தப் பக்கமும் இடம் இருக்கு" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "அப்பா, அம்மாகிட்ட சொல்லிடு. இங்க எல்லாருக்கும் என்னைப் பிடிச்சிருக்கு" என்றாள். சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை உணவுக்கூடத்தில் பீட்சா விருந்து நடந்தது. டெல்லாவிடம் ஒரு ஸ்டிக்கரும் இல்லாததால், வீட்டிலிருந்து கொண்டுபோன சாண்ட்விச்சை வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா