பந்து அறையின் கதவு

ஆல்டர் கிரீக், சஸ்காச்சுவான்
நவம்பர் 4, 2009

அன்புள்ள க்வென்,

இருபத்தாறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய். கிழித்துப் போடாமல் படி. உன் அண்ணனிடம் கெஞ்சித்தான் முகவரி வாங்கினேன்.

நாம் படித்த பள்ளிக்கூடத்திலேயே எனக்குச் சமையலறை வேலை. விளையாட்டுச் சாமான் போட்டு வைக்கிற, ஜன்னலில்லாத அந்தப் பந்து அறையைத் தினமும் தாண்டித்தான் போக வேண்டும். பையன்கள் உன் ஊன்றுகோல்களைப் பிடுங்கி, உன்னை உள்ளே தள்ளினார்களே, அன்றைக்குக் கதவில் முதுகைக் கொடுத்து அழுத்திப் பிடித்திருந்தது நான். முந்தின வாரம்வரை உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவள். "கதவைப் பிடிக்கலைன்னா இனி உன்னையும் நொண்டின்னுதான் கூப்பிடுவோம்" என்று அவர்களில் பெரியவன் டெரிக் சொன்னான். பயந்துவிட்டேன்.

நீ தட்டியது இன்னும் என் முதுகில் அதிர்கிறது. சூப் கிளறும்போதுகூடக் கை நின்றுவிடுகிறது. மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுவாயா?

அங்கே பனி தொடங்கிவிட்டதா? உடம்பைப் பார்த்துக்கொள்.

லோர்னா

வின்னிபெக்
நவம்பர் 27, 2009

லோர்னா,

நீதான் என்று அன்றைக்கே தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் இருமினாய். உன் இருமல் எனக்குத் தெரியாதா?

பனி முழங்கால்வரை. கல்யாணம் ஆகவில்லை. நூலகத்தில் வேலை.

மன்னிக்கிற இடத்தில் நான் இல்லை. அந்த அறையிலிருந்து வந்த பிறகு எனக்கு ஒரே நினைப்புதான்: அடுத்த முறை வேறு யாராவது உள்ளே போகட்டும். கற்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்பில் இருந்த ஆர்வில் டம்கே ஞாபகம் இருக்கிறானா? நெட்டையாக, எல்லோருக்கும் கையாட்டுவானே. "அவனுக்கு இருட்டுன்னா பயம்டா, உள்ள விட்டுப் பாருங்க" என்று டெரிக்கிடம் சொல்லிக்கொடுத்தது நான். மூன்று நாள், சாப்பாட்டு வேளையில் அடைத்தார்கள். அவன் அம்மா குரலில் வெளியிலிருந்து கூப்பிட்டுக் கேலி செய்ததும் நானே. "அம்மா, திற" என்றான். வசந்தத்தில் பள்ளியை விட்டே நின்றுவிட்டான்.

எங்கே இருக்கிறான் என்று விசாரி. நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு உன் விஷயம் பேசலாம்.

க்வென்

ஆல்டர் கிரீக்
டிசம்பர் 14, 2009

அன்புள்ள க்வென்,

ஆர்வில் பக்கத்து ஊரில் அக்கா ஹில்டாவோடு இருக்கிறான். சலவைக்கூடத்தில் துணி மடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் கேக் எடுத்துக்கொண்டு போனேன். தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டான், இரண்டு துண்டு சாப்பிட்டான், பூனையைத் தூக்கிக் காட்டினான். நல்ல நேரம் என்று நினைத்து, "க்வென் ஹாஸ்கெட் உன்னைப் பாக்கணும்ங்கறா" என்று சொன்னேன்.

காதுகளைப் பொத்திக்கொண்டான்.

"அவ வெளியில நிக்கிறாளா?"

"இல்லப்பா, அவ தூரத்துல இருக்கா."

அவன் நம்பவில்லை. போய் வாசல் கதவைத் தாழிட்டான். பிறகு ஜன்னல் ஜன்னலாகப் போனான். ஹில்டா என்னைப் பின்வாசல் வழியாக அனுப்பினாள். "இனி ஒரு வாரம் இவன் தூங்க மாட்டான். உங்க மனசு ஆறணும்னா இவன்தானா கிடைச்சான்?" என்றாள்.

காரில் ஏறியும் வண்டியை எடுக்க முடியவில்லை. என் கடிதம் வந்த அன்று உன் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன்.

அவனைத் தேடி வராதே, க்வென். எழுதவும் வேண்டாம். நான் கேட்ட அந்த ஒரு வரியும் எனக்கு வேண்டாம். இதற்குப் பதில் போடாதே.

லோர்னா