கந்தையாவின் பெயரை விட்டவள்

1961, ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

இன்று பேத்தி மலர் புருஷனோடு வவுனியாவில் அரசாங்கக் கச்சேரிக்குப் போய், மலர் கந்தையா என்ற பெயரை மலர் சிவலிங்கம் என்று மாற்றிவிட்டு வந்தாள். பெற்றவன் கைவிட்டு ஓடியபோது, தன் பெயரைக் கொடுத்து அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் என் கணவர்; அவளுக்கு அப்பு. அவர் போய் ஒரு வருடம்தான்.

சிவலிங்கத்தைத்தான் முதலில் ஏசினேன். "ஏன் தம்பி, செத்த மனிசன்ர பெயரும் உமக்குப் பாரமோ?"

"ஐயோ ஆச்சி, இருக்கட்டும் எண்டுதான் நான் சொன்னனான். இவள்தான் ஒற்றைக்காலில நிண்டவள்."

மலர் மறுக்கவில்லை. "அப்புவின்ர பெயர் எண்டால், அப்பா எங்கையெண்டு எல்லாரும் கேக்கினம் ஆச்சி. இனிக் கேக்கமாட்டினம்."

புருஷன் பெயரை எடுப்பது வழக்கம்தான். ஆனால் இவள் எங்களை மறைக்க எடுத்தாள்.

கணவர் பெயரை நான் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. இவளிடம் படிக்கும் பிள்ளைகள் வாசல் படலையில் நின்று "கந்தையா ரீச்சர்" என்று கூப்பிடும்போதுதான் அது என் காதில் விழும். இன்று பின்னேரமும் ஒருத்தி கூப்பிட்டாள்.

"இனி அப்பிடிக் கூப்பிடக்கூடாது," என்று மலர் சொன்னது, நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிவரை கேட்டது.