ஏரிக்கரைத் திருப்பத்தில் நிற்கும் வண்டிகள் குறித்து

அனுப்புநர்:
வ. உண்ணாமலை,
க/பெ. (லேட்) வளவன்,
அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை.

பெறுநர்:
மாவட்ட வழங்கல் அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
திருவண்ணாமலை.

பொருள்: பெட்ரோலில் தண்ணீர் கலப்பு – விடியற்காலை ஐந்து மணிக்கு மாதிரி எடுக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் வளவன் சொந்தமாக டாக்ஸி ஓட்டிவந்தார். கடந்த டிசம்பர் 19 அன்று விடியற்காலை, ரமணாசிரமம் பக்கம் தங்கியிருந்தவர்களை விமான நிலையத்துக்கு அழைத்துச் செல்லக் கிளம்பினார். எங்கள் ஊர் ஏரிக்கரைத் திருப்பத்தில் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளும்போது பின்னால் வந்த லாரி மோதி இறந்துபோனார்.

2. அதன் பிறகு ஆறு டாக்ஸிகள் அதே இடத்தில், அதே நேரத்தில் நின்றுள்ளன. விளக்கு எரியும், வண்டி மட்டும் நகராது. வளவன்தான் நிறுத்துகிறார் என்று ஊரில் பேச்சு. டிரைவர்கள் அங்கே கற்பூரம் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். அவரோடு ஒரே தட்டில் சாப்பிட்ட அர்ஜுனன் என் வாசலில் வந்து, "அண்ணி, என் வண்டிய விட்டுடச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்று கும்பிட்டார். மறைப்பானேன், நானும் ஒரு விடியலில் அங்கே போய் "என்னங்க" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எதிரே வந்த கார் ஒன்று என் முன்னால் அணைந்து நின்றது. ஓடி வந்துவிட்டேன்.

3. அந்தக் காரின் பெட்ரோலை மெக்கானிக் மணிவேல் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துத் தந்தார். பகலில் அது தெளிவாக இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் கலங்கி, அடியில் வேறொரு நீர் தனியாகத் தேங்குகிறது. வெயிலில் வைத்துக் குலுக்கினால் காணாமல் போகிறது. இப்போதைய பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனாலாம். அது கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் மறைத்துவைக்குமாம். தண்ணீர் ஜாஸ்தியாகிக் குளிரும் பட்டால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடுமாம். எத்தனால் மேல் எனக்குப் புகார் இல்லை. தண்ணீர் எப்படி வந்தது என்பதே கேள்வி.

4. நின்ற வண்டிகள் எல்லாம் டாக்ஸி ஸ்டாண்டை ஒட்டிய பெட்ரோல் பங்கில் மாலையில் பெட்ரோல் போட்டு, திறந்த வெளியில் நிறுத்தப்பட்டவை. வண்டியின் பைப்பில் மீந்திருக்கும் நல்ல பெட்ரோல் ஏரிக்கரைத் திருப்பம் வரைக்கும்தான் தாங்கும் என்கிறார் மணிவேல். நவம்பர் மழையில் அந்தப் பங்கின் நிலத்தடி டேங்க் மூடிமேல் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. கம்பெனி ஆய்வாளர் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்து, குறை எதுவும் இல்லை என்று எழுதிப்போனார்.

5. என் மகள் கீர்த்தனாவுக்கு எட்டு வயது. இரண்டு முறை விடியற்காலையில் அவளைப் பாயில் காணவில்லை. ஏரிக்கரைத் திருப்பத்தில், ரோட்டின் நடுவே, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அடிக்கக் கை ஓங்கினேன். "லாரி வந்தா அப்பா நிறுத்திடுவாரும்மா" என்று சிரித்தாள். லாரி டீசலில் ஓடுவது, ஐயா. அது அங்கே நிற்காது.

6. ஆகவே, தங்கள் அலுவலர்கள் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து, நிலத்தடி டேங்கின் அடியிலிருந்தும் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளிலிருந்தும் மாதிரி எடுக்கவும், சுத்தம் செய்யும்வரை அந்தப் பங்கை மூடவும் உத்தரவிட வேண்டுகிறேன். வண்டிகளை நிறுத்துவது தண்ணீர்தான், என் கணவர் அல்லர் என்று தங்கள் கையெழுத்தோடு ஒரு தாள் தர வேண்டும். அதை என் மகளுக்குப் படித்துக்காட்ட வேண்டும். அதுவரை அவள் காலை என் முந்தானையில் முடிந்துகொண்டுதான் படுக்கிறேன்.

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 12.01.2026

தங்கள் வரவை எதிர்பார்க்கும்,
வ. உண்ணாமலை