சண்பகத்தடியில் சீமெந்து

ஜூன் 8, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. உடுப்பு காயாது. வளவு கூட்டுகிற வேலையும் இல்லை, இலை விழுந்தால்தானே. முந்தி இந்த மாதத்தில் இரண்டு கூடை அள்ளுவேன். அள்ளும்போது சண்பகத்தையும் அதை நட்ட மச்சாளையும் சேர்த்துத் திட்டுவேன். வாய்க் கொழுப்பு.

வாங்க: பாண், பருப்பு, இவருக்குப் பிரஷர் குளிசை, குடைக்குக் கம்பி போட.

மத்தியானம் ரொறன்ரோவிலிருந்து மச்சாளின் மெசேஜ். "வசந்தி, மரம் பூத்திட்டுதே? முதல் பூவைப் பிள்ளையாருக்கு வைச்சிட்டு எனக்குப் படம் போடு." இவருடைய அக்கா. வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கிற இந்த வீடு அவவின் சீதன வீடு. கனடாவுக்குப் போகும்போது வீட்டுத் திறப்பைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டுப் போனவ. இன்றுவரை வீட்டை விட்டு எழும்பச் சொன்னதில்லை. கேட்பது வருசத்துக்கு ஒரு படம்.

பதில் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன், அது என்னைப் பார்க்கிற மாதிரி.

ஜூன் 9, செவ்வாய்

மழை விட்டது. குடை திருத்தவில்லை.

பாமன்கடைப் பக்கம், விகாரைக்கு முன்னால் பூ விற்கிற மனுசியிடம் போனேன். சண்பகப் பூவைச் சிங்களத்தில் சப்பு மல் என்று கேட்டேன். போன வருச முகம் ஞாபகம் இருந்திருக்க வேண்டும், சிரித்தாள். புத்தருக்கு வைக்கத்தான் என்று நினைத்து வாடாததாகப் பார்த்துப் பொறுக்கித் தந்தாள். அவளுக்கும் பொய்.

வீட்டில் பித்தளைத் தட்டில் அடுக்கி, சுவர்ப் பக்கமாக வைத்துப் படம் எடுத்தேன். படத்தில் மரம் விழாத கோணம் எதுவென்று இப்போது கைக்கே தெரியும். அனுப்பினேன். இது இரண்டாவது வருசம்.

மச்சாள்: "இஞ்ச வரைக்கும் மணக்குதடி."

பாதிச் சோற்றை மூடி வைத்தேன். இவர் கீரை நல்லாயிருக்கு என்றார்.

நடந்ததை எங்கேயும் எழுதியதில்லை. ஒருதரம் எழுதிவிடுகிறேன். இரண்டு வருசத்துக்கு முன் டெங்குச் சோதனைக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., சண்பகத்தைச் சுற்றியிருந்த பாத்தித் தண்ணீரில் நுளம்புக் குடம்பி கண்டார். மண் போட்டு நிரப்பச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஒழுங்கைச் சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு மானம் போச்சு. இவர் யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீட்டு அந்தியேட்டிக்குப் போயிருந்தார். அடுத்த நாளே மேசனைக் கூப்பிட்டு வளவு முழுக்கச் சீமெந்து போடச் சொன்னேன். அவன் ஹற்றன் பக்கத்து ஆள். "மரத்துக்கு மூச்சு முட்டுமுங்கம்மா, சுத்தி ரெண்டடி விட்டுருவோம்" என்றான். விடாதே, அடியோடு ஒட்டப் பூசு என்றேன். பிறகு கிழமைக்கு ஒருதரம் பிளீச்சிங் தண்ணியால் கழுவினேன், பளிங்கு மண்டபம் மாதிரி.

அந்த வருசம் மரம் கொட்டிப் பூத்தது. பார்த்தீங்களோ என்று இவரிடம் பெருமையடித்தேன். அடுத்த வருசம் இலை மஞ்சளாகி விழுந்தது. பூ இல்லை. மச்சாள் படம் கேட்டபோதுதான் முதல் தரம் பாமன்கடைக்குப் போனேன். இப்போது நிற்பது வெறும் தடி.

ஜூன் 11, வியாழன்

புழுக்கம். கரண்ட் பத்துக்குப் போய் ஒன்றுக்கு வந்தது.

மச்சாள் போன் எடுத்தா. மகன் ரமணன் இந்த வீட்டுக் காணியை ஃபிளாட் கட்டுகிறவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி நெருக்குகிறானாம். இரண்டு பக்கத்துக் காணிகளும் போய்விட்டன, இடையில் இருப்பது எங்கள் துண்டுதான்.

"நீ அனுப்பின படத்தைக் காட்டினனான். பூக்கிற மரத்தை வெட்ட நான் விடன் எண்டு சொல்லிப்போட்டன். அவனும் வாயை மூடிட்டான்."

ஓம் மச்சாள் என்றேன். வேறு என்ன வரும் என் வாயில்.

ஆக இந்த வீடு நிற்பது விகாரை வாசலில் வாங்கிய பூவின் மேல். நான் வீட்டுக்காகப் பொய் சொல்லவில்லை. வெட்கத்துக்காகச் சொன்னேன். ஆனால் இனிமேல் சொல்லாமல் விட்டால் அது வீட்டுக்காகத்தான். என்னை நானே அறைய வேண்டும் போலிருந்தது.

இவரிடம் சொன்னேன். பேப்பரை இறக்காமலே, "நான் அப்பவே சொல்லச் சொன்னனான்" என்றார். அவவுக்குத் தம்பி நீங்களா நானா என்று கேட்டேன். பக்கத்தைத் திருப்பினார்.

ஜூன் 13, சனி

கோயிலில் அர்ச்சனை. எங்கள் பெயர் சொன்னேன். வழக்கமாக மச்சாளின் பெயரும் நட்சத்திரமும் சொல்வேன், இன்றைக்கு நாக்கு எழும்பவில்லை. ஐயர் "வேற?" என்று காத்துக்கொண்டு நின்றார். வேறு இல்லை என்றேன்.

திரும்பி வரும்போது முடிவெடுத்தேன். வீடு போனால் போகட்டும். தெஹிவளையில் ஏதாவது இரண்டு அறை கிடைக்காதா. இந்த நெஞ்சுப் பாரத்தோடு என்னால் ஏலாது.

பின்னேரம் ஆறரை, அங்கே காலை ஒன்பது. எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: பி.எச்.ஐ., சீமெந்து, பிளீச்சிங், விகாரைப் பூ. அழக்கூடாது என்று நினைத்திருந்தேன். அழுதேன்.

 

ஜூன் 14, ஞாயிறு

நேற்று மிச்சத்தை எழுதக் கை வரவில்லை. இவர் இப்போது குளிக்கிறார், அதற்குள் எழுதுகிறேன்.

மச்சாள் திட்டவில்லை. திட்டுவா, வாங்கிக்கொண்டு ஆறுதலாக இருப்போம் என்று நினைத்த எனக்கு அதுவும் கிடைக்கவில்லை. மெதுவாகத்தான் கதைத்தா.

"மரத்தில எனக்கென்னடி இருக்கு. உங்களை வீட்டால எழுப்பக் கூடாது எண்டு சொன்னா ரமணன் கேக்கமாட்டான். மரம் எண்டபடியாத்தான் விட்டவன். தம்பியும் நீயும் இந்த வயசில எங்க போவியள் எண்டுதான் ஒவ்வொரு வருசமும் உன்னட்டப் படம் கேட்டனான், அவனுக்குக் காட்ட."

பிறகு சொன்னா: "பிள்ளைக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலாது. தெரியாமல் இருந்தவரைக்கும் சொன்னது பொய்யில்லை. நீ எனக்கு இதைச் சொல்லியிருக்கக் கூடாது, வசந்தி."

அவ போனை வைத்த பிறகும் நான் காதிலிருந்து எடுக்கவில்லை. அக்கா என்ன சொன்னவ என்று இவர் கேட்டார். கோபமில்லை என்றேன். என் பாரத்தை இறக்கி அவவின் தலையில் வைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது.

ஜூன் 15, திங்கள்

தூறல். பாண் பிந்தி வந்தது.

காலையில் ரமணன் போன் எடுத்தான். தானாக எனக்கு எடுத்தது இதுதான் முதல் தடவை. மரத்தைப் பற்றி அம்மா சொன்னவ என்று தொடங்கி, மாமி, சுகமா இருக்கிறியளோ என்று மிகவும் மரியாதையாகக் கேட்டான்.